எட்டுப் பேர் சம்பளத்துக்கும் சேமநிதிக்குமே போதாத டெண்டர் விலை

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்று பழைய பெயரிலேயே சொல்லும் மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், ஓர் அரசாங்கப் பள்ளியில் 12 வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறேன். அதற்கு முன் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன்.

இந்த வேலையை டெண்டர் விட்டுக் கம்பெனிகளிடம் கொடுக்கிறார்கள். இந்த 12 வருடத்தில் நான்கு கம்பெனிகள் மாறிவிட்டன. ஆட்கள் நாங்களேதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் புது ஆளாகத்தான் பெயரைப் பதிகிறார்கள். ஒரே முதலாளியிடம் ஐந்து வருடம் தாண்டினால் சட்டப்படி வருடத்துக்கு 16 நாள் விடுமுறை. எனக்கு இன்றைக்கும் 8 நாள்தான்.

இந்தத் தடவை டெண்டர் கிடைக்காத கம்பெனி, ஜெயித்தவர்களின் விலை அநியாயத்துக்குக் குறைவு என்று புகார் செய்திருக்கிறது. புகார் செய்த கம்பெனியின் சூப்பர்வைசர் சொல்லித்தான் அந்த விலை எங்களுக்குத் தெரிந்தது. எட்டு ஆட்களுக்கு, சோப்பு, பினாயில் எல்லாம் சேர்த்து, மாதம் 15,000 வெள்ளி (ரிங்கிட்). கணக்கியல் படிக்கும் என் மகள் அன்றிரவே கணக்குப் போட்டாள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. எட்டுப் பேருக்கு 13,600. முதலாளி கட்ட வேண்டிய இபிஎஃப், அதாவது ஓய்வுக்காலச் சேமநிதி, 13 விழுக்காடு, அது 1,768. இதுவே 15,368 ஆகிவிட்டது. தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவைச் சேர்க்கவே இல்லை, ஒரு பாட்டில் பினாயிலும் வாங்கவில்லை.

அப்புறம் லாபம் எங்கிருந்து வரும்? முதல் மாதமே இரண்டு பேரை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டுப் பேர் வேலையை ஆறு பேர் செய்கிறோம். சம்பளச் சீட்டில் இபிஎஃப் பிடித்திருக்கிறார்கள். கைபேசியில் கணக்கைத் திறந்து பார்த்தால் மூன்று மாதமாகக் காசு ஏறவில்லை. அடுத்த வருடம் எனக்கு 55 வயது. அந்தக் காசை எடுத்துத்தான் வீட்டுக் கூரையை மாற்ற நினைத்திருந்தேன்.

2025 ஆகஸ்டில் அரசாங்கக் கொள்முதல் மசோதா மக்களவையில் நிறைவேறியது. டெண்டர் முடிவை எதிர்த்து முறையிட அதில் வழி இருக்கிறது. சரி, கம்பெனிகள் முறையிடட்டும். அந்த விலைக்குள் எங்கள் சம்பளம் அடங்குமா என்பதை யார் பார்ப்பது?

என் மகள் பத்து நிமிடத்தில் போட்ட கணக்கை டெண்டரைப் பரிசீலிக்கும் அதிகாரிகளும் போடலாம். சம்பளத்துக்கும் இபிஎஃப், சொக்சோவுக்கும் போதாத விலையை அங்கேயே தள்ளிவிட வேண்டும். கம்பெனியின் பில்லுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும் முன், போன மாதம் எங்களுக்கு இபிஎஃப் கட்டிய ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பள்ளித் துப்புரவுத் தொழிலாளி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.