வெள்ளரிப்பழ விதையோடு ஒரு கடிதம்

தேவகோட்டை

அன்புள்ள வைரவனுக்கு,

நலம், நலமறிய ஆவல். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கும் செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆச்சியின் முழங்கால் வலி குறைந்ததா என்று மறவாமல் எழுது. இங்கே மூத்தவனுக்குப் பெண் பார்த்து வருகிறோம்.

கோயம்புத்தூரில் கடையில் வாங்கிய முலாம்பழத்தின் விதையை மாடித் தொட்டியில் ஊன்றலாமா என்று கேட்டிருக்கிறாய். முளைக்கும், காய்க்கவும் செய்யும். ஆனால் கடைப்பழம் பெரும்பாலும் கலப்பின வீரிய ரகமாக இருப்பதால், அதன் விதையில் அதே பழம் வருமென்று நம்ப முடியாது. எங்கள் பின்கட்டுத் தோட்டத்தில் அப்பத்தா காலத்திலிருந்து விதையெடுத்து வரும் குட்டி வெள்ளரிப்பழத்தையே நீ போட வேண்டும் என்பது என் ஆசை. ஒரு பொட்டலம் விதை இத்துடன் வைத்திருக்கிறேன். தை, மாசியில் ஊன்று.

பழுக்கும்போது தோல் மஞ்சளாகி, ஓரிடத்தில் மெல்லிய கீறல் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீண்டு வாய் பிளந்துவிடும். உள்ளே மாவு மாவாக வெளுத்த சதை தெரியும். நாட்டுச் சர்க்கரை தூவிச் சாப்பிட்டால் வெயிலுக்கு அதைவிட இதமானது வேறில்லை. பனையோலையில் கட்டினால்தான் சந்தைவரை உருக்குலையாமல் போய்ச் சேரும் இப்பழத்தை லாரியில் ஏற்ற முடியாததால் கடைக்காரர்கள் கைவிட்டார்கள். வீட்டுத் தோட்டக்காரர்களும் விட்டுவிட்டால் விதை அற்றுப்போகும் என்பதுதான் என் கவலை. நம் நாட்டு விதைகளைச் சாமானியமாக எண்ணிவிடாதே. 1920களில் கலிபோர்னியாவின் முலாம்பழத் தோட்டங்களைச் சாம்பல் நோய் பாழாக்கியபோது, இந்தியாவிலிருந்து போன முலாம்பழ விதையின் நோய் எதிர்ப்புத் திறனைக் கொண்டுதான் 1936இல் அங்கே புதிய ரகத்தை வெளியிட்டார்கள்.

விதைக்கு விடுவதில்தான் கவனம் வேண்டும். வெள்ளரிப்பழம், முலாம்பழம், நாம் மோரில் ஊறவைத்து வற்றல் போடும் சுக்காங்காய் மூன்றும் ஒரே இனம். தேனீக்கள் மகரந்தத்தை மாற்றி வைத்துவிடும். அந்த ஆண்டுப் பழத்தில் ஒன்றும் தெரியாது, மறு ஆண்டு அந்த விதையில் வரும் காய் கசந்துபோகலாம். சுரை, பீர்க்கு, தர்பூசணி பக்கத்தில் இருந்தால் பயமில்லை.

ஆகவே, மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டை முதல் நாள் மாலையே நூலால் கட்டிவிடு. இதழுக்குக் கீழே ரோமம் படர்ந்த குட்டிப் பிஞ்சு இருப்பதால் அடையாளம் தெரியும். ஆண் மொட்டையும் அப்படியே கட்டி வை. காலையில் வெயில் ஏறுமுன் ஆண் பூவின் இதழ்களை உரித்துவிட்டு, அதன் மகரந்தத் தூளைப் பெண் பூவின் நடுவில் தடவி, மீண்டும் கட்டிக் காம்பில் ஒரு கலர் நூல் சுற்றிவிடு. சில பிஞ்சுகள் உதிரும். கொடியில் முதலில் வரும் பெண் பூக்கள்தாம் நன்றாகப் பிடிக்கும் என்பதால் தாமதிக்காதே. நூல் சுற்றிய பழம் கொடியிலேயே வெடித்த பிறகு, விதையை ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு வழுவழுப்புப் போகக் கழுவி, நிழலில் காயவைத்து, சாம்பல் கலந்து மூடி வை.

முலாம்பழத்தையும் போட்டே தீருவேன் என்றால் போடு. ஆனால் கட்டாத பூவில் வந்த வெள்ளரிப்பழத்தைச் சாப்பிட மட்டும் வைத்துக்கொள். பொட்டலம் கிடைத்ததும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
முத்தையா