பழுது நீக்கும் வண்டியை முதலில் எடை மேடையில் ஏற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜே.சி.பி., டிராக்டர், அறுவடை இயந்திரங்களை நின்ற இடத்துக்கே போய்ச் சரிசெய்யும் நடமாடும் பட்டறைகளைத் தொடங்கும்படி இளைஞர்களுக்கு யோசனை சொல்லித் தங்கள் நாளிதழின் ஞாயிறு பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. புதுவயல் தொடங்கி தேவகோட்டைக்கு அப்பால் வரை அதே வேலையைச் செய்து பிழைப்பவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

யோசனை நல்லதுதான். தை, மாசியில் ஆத்தூர்ப் பக்கமிருந்து வரும் அறுவடை இயந்திரம் கண்மாய்ப் பாசன வயலின் நடுவே நின்றுவிட்டால் அதைப் பட்டறைக்கு யார் இழுத்து வருவது? பட்டறைதான் அதைத் தேடிப் போக வேண்டும். ஆனால் என்னென்ன வாங்க வேண்டும் என்று பத்தி முழுக்கப் பட்டியல் போட்ட கட்டுரையாளர், அவற்றை எந்த வண்டியில், எந்த இடத்தில் வைப்பது என்று ஒரு வரியும் எழுதவில்லை. தொழில் கெடுவது அங்கேதான்.

இங்கே பையன்கள் பெரும்பாலும் ‘குட்டி யானை’ என்கிற சின்னச் சரக்கு வண்டியில்தான் தொடங்குகிறார்கள். அது சுமக்கக்கூடியது சுமார் முக்கால் டன். அதில், நகரத்தார் வீட்டுக் கல்யாணத்தில் சாமான் பரப்புவதுபோல் இருப்பதையெல்லாம் பரப்பிவிடுகிறார்கள். கணக்குப் பாருங்கள்: 210 லிட்டர் ஹைட்ராலிக் ஆயில் பீப்பாய் ஒன்றே 200 கிலோ. டீசல் வெல்டிங் செட் இன்னொரு 200 கிலோவுக்குக் குறையாது. நிரப்பிய ஆக்சிஜன், அசிட்டிலின் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து 120 கிலோவைத் தாண்டும். கம்ப்ரசர் ஒரு 100 கிலோ. இரும்பு மேசை, வைஸ், ஜாக், செயின் பிளாக், சாக்கெட் பெட்டிகள் எல்லாம் இனிமேல்தான் ஏற வேண்டும். இயந்திரத்தைச் சரிசெய்யப் போன வண்டியே வழியில் ஸ்பிரிங் பட்டை உடைந்து நிற்பதை இந்தப் பக்கத்துச் சாலைகளில் அடிக்கடி பார்க்கிறேன்.

ஆகவே காலி வண்டியை ஒருமுறையும் சாமான் ஏற்றிய பிறகு ஒருமுறையும் எடை மேடையில் ஏற்றுங்கள். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தியும் எடை பாருங்கள். சாமான் ஏற்றிய பிறகு முன்பக்க எடை குறைந்திருந்தால், பாரம் பின் அச்சுக்கு வெளியே போய்விட்டது என்று பொருள். ஸ்டியரிங் லேசாகும், பிரேக் பிடித்தால் வண்டி தடுமாறும். கனமானவை கேபினை ஒட்டி, தாழ்வாக இருக்க வேண்டும். பீப்பாய் வேண்டவே வேண்டாம்; 20 லிட்டர் வாளிகள் போதும். என் கருத்தில், ஒன்றேகால் டன்னுக்குக் குறைவாகச் சுமக்கும் வண்டியில் வெல்டிங் செட்டும் கேஸும் சேர்ந்து ஏறக் கூடாது.

கேஸ் விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அசிட்டிலின் சிலிண்டருக்குள் அசிட்டோன் திரவம் இருக்கிறது; படுக்கவைத்தால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். எனவே நிறுத்தியே வைத்துச் சங்கிலியிட வேண்டும். மழைக்குப் பயந்து நான்கு பக்கமும் தகடு அடித்த கூண்டுக்குள் அதை வைப்பவர்களைப் பார்க்கிறேன். காற்றில் நூற்றுக்கு இரண்டரை பங்கு அசிட்டிலின் கலந்தாலே தீப்பிடிக்கும். மூடிய கூண்டில் அது சேர அதிக நேரம் ஆகாது. கசியும் இணைப்பைச் செம்புக் குழாய் வைத்து ஒட்டுவதும் ஆபத்து. செம்போடு சேர்ந்தால் வெடிக்கும் பொருள் உண்டாகிறது. ஆக்சிஜன் ரெகுலேட்டரில் கிரீஸ் கை படக் கூடாது. அதனால் கிரீஸ் கன்னும் ஆயிலும் வண்டியின் ஒரு பக்கம், ஆக்சிஜன் மறுபக்கம். வண்டி கிளம்புமுன் ரெகுலேட்டரைக் கழற்றிச் சிலிண்டருக்குத் தொப்பியை மாட்டியாக வேண்டும்.

வண்டி வரப்பு வரைதான் போகும் என்பதையும் யோசித்துப் பொருத்த வேண்டும். மீதித் தூரம் தோள்தான். இரண்டு பேரால் தூக்க முடியாத கருவி, ஈர வயலில் வேலைக்கு உதவாது. நீளமான வெல்டிங் கேபிளுக்குச் செலவழிக்கும் பணம் வீண் போகாது. நம் செம்மண் புழுதி இன்னொரு தொல்லை: கழற்றிய ஹைட்ராலிக் ஹோஸின் இரண்டு முனைக்கும் மூடி போடாவிட்டால் புழுதி உள்ளே போய், அடுத்து பம்ப் கெடும். 2021 ஏப்ரலில் புகை விதி மாறிய பிறகு வந்த ஜே.சி.பி. போன்ற வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. பேட்டரியைப் பிரிக்காமல் பக்கெட்டில் வெல்டிங் வைத்தால் அந்தப் பெட்டி எரிந்துபோகலாம். ஹைட்ராலிக் கசிவைக் கையால் தடவித் தேடாமல் ஓர் அட்டைத் துண்டை வைத்துப் பார்க்கவும் பையன்களுக்குச் சொல்லித்தர வேண்டும். ஊசித்துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

அடுத்தது காகித வேலை. சரக்கு வண்டியாகப் பதிந்துவிட்டு, பிறகு கூண்டும் பின்மூலையில் ஒரு சின்னக் கிரேனும் வைத்துக்கொள்கிறார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இப்படி இஷ்டத்துக்கு மாற்றுவதை அனுமதிக்கவில்லை. விபத்து நடந்தால் காப்பீட்டுப் பணத்துக்கு நடையாய் நடக்க வேண்டியதுதான். இத்தனைக்கும் ‘நடமாடும் பணிமனை’ என்ற வகையே மத்திய அரசின் 2004ஆம் ஆண்டு வாகனப் பட்டியலில் இருக்கிறது. கடன் கேட்டுப் போன இடத்தில், வண்டிக்குத் தரலாம், உள்ளே பொருத்துவதற்குத் தர முடியாது என்றார் வங்கி மேலாளர். கடை முகவரி எங்கே என்று வேறு கேட்டார். கடையே வண்டிதான் என்று சொன்னதை அவர் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்.

1952 முதல் நடக்கும் அழகப்பா பொறியியல் கல்லூரி காரைக்குடியிலேயே இருக்கிறது. இப்படியொரு வண்டிக்கு எடைக் கணக்கோடு ஒரு மாதிரி வரைபடத்தை அங்குள்ள மாணவர்கள் போட்டுத் தரலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அதைப் பார்த்து, எது கூடும், எது கூடாது என்று முன்கூட்டியே சொல்லலாம். மாவட்டத் தொழில் மையம் வண்டியையும் பொருத்துதலையும் ஒரே திட்டமாக வைத்துக் கடனுக்குப் பரிந்துரைக்கலாம். அளவெடுக்க வருகிறவர்களுக்கு என் வண்டியைத் திறந்துவிடத் தயார். அறுவடை முடிந்து பங்குனியில் வந்தால் எனக்கும் நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
கனரக இயந்திர மெக்கானிக் ஒருவர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.