இலவசத் தொப்பி கொடுப்பவர்களுக்கு மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும், தோட்டங்களில் விளம்பர விழா நடத்தும் கம்பனிக்காரர்களுக்கும் வணக்கம்.

மே தினம் நெருங்கினால் அட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் போகிற பஸ்களில் ஆட்களோடு தொப்பிப் பெட்டிகளும் ஏறிவிடும். முன்னால் சின்னம், பக்கத்தில் தலைவர் பெயர். ஊர்வலம் முடிந்த மறுநாள் அந்தத் தொப்பிகள் எங்கே போகின்றன என்று பார்த்திருக்கிறீர்களா? லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் வைத்து விளையாடுவார்கள், கொஞ்சம் ஆணியில் தொங்கும். தேயிலை மலைக்கு வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் குறைவு, பெண்களில் அநேகமாக யாருமில்லை.

காரணம் தொப்பியிலேயே இருக்கிறது. தேயிலைக் கொழுந்தெடுப்பவரின் கூடைக் கயிறு தலையில்தான் மாட்டப்படுகிறது. கூடைக்குப் பதில் பை வந்த தோட்டங்களிலும் பல இடங்களில் அப்படித்தான். நீங்கள் கொடுக்கும் பேஸ்போல் தொப்பியின் உச்சியில், ஆறு துண்டுகளும் சேரும் இடத்தில், ஒரு பொத்தான் இருக்கும். கயிறு அதன்மேல் ஏறினால் பாரமெல்லாம் உச்சந்தலையில் குத்தி இறங்கும். மடித்துப் போடும் தலைத்துணியும், தலையிலிருந்து முதுகுவரை போர்த்தும் கொங்காணியும் அந்தப் பாரத்தைப் பரப்பி வாங்கிக்கொள்ளும், கழுத்தையும் முதுகையும் மூடும்.

இந்தத் தொப்பி பிறந்ததே வேறு வேலைக்கு. 1860 வாக்கில் அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அணி முன்விளிம்பு வைத்த தொப்பி போட்டு ஆடியது. அண்ணாந்து பந்தைப் பார்க்கும்போது கண் கூசாமலிருக்க அந்த விளிம்பு உதவியது. பின்னால், 1960களிலும் 70களிலும், விதை, தீவனம், டிரக்டர் விற்கும் அமெரிக்கக் கம்பனிகள் முன்புறம் நுரையும் பின்புறம் வலையும் வைத்த தொப்பிகளை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்தன. டிரக்டரில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற மனிதருக்கு விளிம்பு வெயிலை மறைத்தது, வலை காற்று விட்டது. விளம்பரம்தான், ஆனாலும் வேலைக்கு உதவியதால் தேயத் தேயப் போட்டார்கள்.

எங்கள் ஆட்கள் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிறார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவருக்கு வெயில் அடிப்பது பிடரியில், அங்கே உங்கள் தொப்பியில் ஒன்றுமே இல்லை. ஆடி மாதத்தில் ஊவாப் பக்கம் வெயிலும் வறண்ட காற்றும், அதே நேரம் மஸ்கெலியாப் பக்கம் விடாத மழை. இரண்டுக்கும் ஒரே நுரைத் தொப்பியைக் கொடுத்தால் எப்படி?

அப்புறம், கொடுக்கிற விதம். மேடையில் ஒரு வயதான அம்மாயியை நிறுத்தி, கேட்காமலே தலைத்துணிக்கு மேல் தொப்பியை அமுக்கி, கெமராப் பக்கம் திருப்புகிறீர்கள். கோவில் திருவிழாவில் ஒருவர் தலையில் பரிவட்டம் கட்டுவதை எவ்வளவு பெரிய மரியாதையாக நினைக்கிற சனம் நாங்கள்! பேரன் வயதுப் பையன் அந்தத் தலையில் கைவைப்பது பார்க்கவே வலிக்கிறது. கையில் கொடுங்கள். போடுவதும் போடாததும் அவர் விருப்பம்.

தோட்டத்தை நிர்வகித்த துரையைக் கண்டால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்ற காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கோவிலிலும் தேசிய கீதத்துக்கும் தொப்பியைக் கழற்ற எங்கள் பையன்களுக்குத் தெரியும். ஆனால் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரி, எதிரில் நிற்கிற தொழிலாளியை மட்டும் “கழற்று” என்று அதட்டினால் அதில் மரியாதை இல்லை, பழைய அதிகாரம்தான் இருக்கிறது. சங்கத்து இளைஞர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: இழவு வீட்டுக்குச் சின்னம் பதித்த தொப்பியோடு வராதீர்கள். செத்தவர் எந்தச் சங்கத்தில் இருந்திருந்தாலும் சரி.

கொடுக்கத்தான் வேண்டுமென்றால் சுற்றிலும் விளிம்புள்ள, பிடரியில் துணி தொங்குகிற, உச்சியில் பொத்தானில்லாத தொப்பியாகக் கொடுங்கள். சின்னத்தை உள்பக்கம் சிறிதாக வையுங்கள். பெண்களுக்குக் கயிற்றுக்கு அடியில் வைக்கிற தடித்த பஞ்சுத் துணியும், மழைக்கு நல்ல கொங்காணியும் போதும். அடுத்த மே தினத்துக்கு ஓடர் கொடுக்குமுன் மாதிரி ஒன்றைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குக் கொண்டுவந்து, நிறுவைக்கு வரும் பெண்களிடம் கொடுங்கள். அவர்கள் வெயிலிலும் மழையிலும் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும், அதன்பிறகு தைக்கக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து