ஓஷ் போய் வந்தேன்

அன்புள்ள சரோ,

நலம்தானே? மாமாவுக்கு முழங்கால் வலி தேவலையா? ஐந்து மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். நீ மட்டும் எழுதினாயா என்ன?

சின்னவளைப் பார்க்க கிர்கிஸ்தானில் இருக்கும் ஓஷ் நகரத்துக்குப் போயிருந்தேன். டாக்டருக்குப் படிக்கப் போனவள் பாதியாக இளைத்துக் கிடக்கிறாள். நான் சுமந்துபோன பருப்புப் பொடியை அறையில் இருக்கும் பெண்கள் இரண்டே நாளில் காலி செய்துவிட்டார்கள். அதை விடு.

ஊர் நடுவில் சுலைமான் மலை. அடிவாரத்தில் கிர்கிஸ் நாடோடிகளின் யூர்ட் கூடாரம் போலவே மூன்று மாடி உயரத்துக்குக் கட்டி, உள்ளே அவர்களுடைய துணிமணிகளை வைத்திருக்கிறார்கள். அங்கே 'எலெச்செக்' முன்னால் நின்றவள்தான், நகரவே மனம் வரவில்லை. மணமான பெண்களின் தலைப்பாகை அது. மீட்டர் கணக்கில் வெள்ளைத் துணி, சுற்று மேல் சுற்றாக ஒரு மடிப்பு பிசகாமல். நடுவழியில் பிரசவமானால் அதைக் கிழித்துத்தான் பிள்ளையைச் சுற்றுவார்களாம். யாராவது இறந்தால் அதுவே கோடித் துணியாம். பிறப்பையும் சாவையும் தலையிலேயே சுமந்துகொண்டு மலையேறியிருக்கிறார்கள், சரோ!

அப்புறம் சின்னவள் ஒரு 50 சோம் நோட்டை (சோம் அவர்கள் ஊர்ப் பணம்) நீட்டி, "இந்தப் பாட்டி யார் தெரியுமா?" என்றாள். குர்மான்ஜான் தத்கா. தத்கா என்பது பட்டம். 1811-ல் பிறந்தவள். கட்டிவைத்த மாப்பிள்ளை வேண்டாம் என்று உதறியவள், நம் விஜி மாதிரி. பிறகு அலாய் மலைத் தலைவன் அலிம்பெக்கைக் கட்டிக்கொண்டாள். அவன் கொலையுண்டபின் அலாய் மலை மக்களுக்கு அவளே தலைவி. 1895-ல் அவள் மகன் கம்ச்சிபெக்கை, கள்ளக்கடத்தல், கொலை என்று குற்றம் சாட்டி, இதே ஓஷில் ரஷ்யர்கள் தூக்கிலிட்டார்கள். மீட்க ஆட்கள் தயாராக இருந்தும் இவள் விடவில்லையாம். ஒருவனுக்காகச் சனம் முழுவதும் அழியக் கூடாது என்றாளாம்.

சின்னவள் பெருமையாகச் சொன்னாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நானாக இருந்தால் ஊர் எரிந்தாலும் போ என்றுதான் சொல்லியிருப்பேன். நீ என்ன செய்திருப்பாய்? யோசித்து எழுது. அன்று இரவு முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டேதான் படுத்திருந்தேன். இன்னும் இரண்டு வருஷம் அவள் அங்கே இருக்க வேண்டும்.

அந்த நோட்டை உனக்கென்று எடுத்து வந்திருக்கிறேன். வரும்போது உன் கைப்பக்குவத்தில் பருப்புப் பொடி அரைத்துக்கொண்டு வா, அடுத்த வாரம் ஒருவர் ஓஷ் போகிறார்.

அன்புடன்,
கல்யாணி