பாப்பாவுக்கு, பேய்ப்படங்கள் விஷயமாக

மன்னார்குடி
ஆடி 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், உன் நலமறிய ஆவல். கடிதம் ஏன் ஆபீஸ் விலாசத்துக்கு வந்திருக்கிறது என்று யோசிக்காதே. உங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் தபாலை எங்கேயாவது சொருகி வைத்துவிடுவார் என்று அம்மா சொன்னாள். அதனால்தான், வேறொன்றுமில்லை.

தம்பி சொன்னான். சுதந்திர தினத்தோடு சேர்ந்து மூன்று நாள் லீவு வருகிறது, மாப்பிள்ளை சிநேகிதர்களோடு மூணாறு போகிறார், நீ மட்டும் வீட்டில் இருந்து விடிய விடியப் பேய்ப்படம் பார்க்கப் போகிறாய், அப்பாவிடம் லிஸ்ட் கேட்டு வாங்கித் தரச் சொன்னாய் என்று. என்னையே கேட்டிருக்கலாம். சரி, போகட்டும். கேட்டாயே, அதுவே சந்தோஷம். முப்பது வருஷத்துக்கு மேல் படம் ஓட்டினவனை இப்போதெல்லாம் யார் கேட்கிறார்கள்? உன் தம்பியே ஏதோ ஒரு ஆப் சொல்கிற படத்தைத்தான் பார்க்கிறான்.

முதலில் ஒன்று. வெறும் வயிற்றோடு உட்காராதே. பேய்ப்படம் வயிற்றில்தான் முதலில் இறங்கும்.

வியாழக்கிழமை ராத்திரி லேசாக ஆரம்பி. விட்டலாச்சார்யாவின் ஜெகன்மோகினி. 1978இல் வந்த தெலுங்குப் படம், தமிழில் டப் செய்து வந்தது. அப்போது நான் டூரிங் டாக்கீஸில் ரீல் சுற்றும் பையன். விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் நீட்டி எரியவிட்டுச் சமைக்கும் ஒரு பேய், அந்தக் காட்சி வந்ததும் மணல் தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. ஆனால் அவர்கள்தான் மறுநாள் பொழுது சாய்ந்த பிறகு அடுப்படிக்குத் தனியாகப் போகவில்லை. பெரியத்தை கதை உனக்குத் தெரியுமே.

அடுத்தது 1966இல் வந்த யார் நீ. ஜெயசங்கரும் ஜெயலலிதாவும் நடித்தது. அதில் பேயே கிடையாது, மனுஷன் செய்கிற வேலைதான் எல்லாம். முன்னாலேயே சொல்லிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. தெரிந்துகொண்டு பார்த்தாலும் சுசீலாம்மா குரல் வரும்போது முதுகு சிலிர்க்கும்.

சைக்கோ பார்த்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். 1960. குளியலறைக் காட்சியில் ஓடும் ரத்தம் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளைப் படத்தில் அதுதான் ரத்தம் மாதிரித் தெரியுமாம். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் டைரக்டர் ஹிட்ச்காக் முதலில் இருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலினைப் போட்டுக் காட்டிய பிறகு மனம் மாறினார். ஒருமுறை சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திவிட்டு அந்தக் காட்சியைப் பார். பாதி பயம் போய்விடும். பயம் கண் வழியாக வருகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், காது வழியாகத்தான் வருகிறது. கேபினுக்குள் மிஷின் சத்தத்தில் எனக்குப் படத்தின் சத்தம் சரியாகக் கேட்காது. அதனால்தான் இத்தனை பேய்ப்படம் ஓட்டியும் நான் ஒன்றுக்கும் பயந்ததில்லை. துவாரம் வழியாக ஜனங்கள் பயப்படுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

நீயும் பயந்ததில்லை. 2005இல் சந்திரமுகி ஓட்டும்போது உனக்குப் பதினொரு வயது. கேபினில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று பார்த்தாய். ஜோதிகா கண்ணை உருட்டும்போது கீழே பெரிய ஆம்பிளைகளெல்லாம் வாயடைத்து உட்கார்ந்திருக்க, "அப்பா, அந்த அக்காவுக்கு உடம்பு சரியில்லை, யாருமே பார்க்க மாட்டேங்கிறாங்க" என்றாய். எங்கள் மேனேஜரிடம் அதை எத்தனை தடவை சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன்! இந்த முறை சந்திரமுகி வேண்டாம், அதன் மூலப்படத்தைப் பார். 1993இல் ஃபாசில் எடுத்த மணிச்சித்திரத்தாழ். ஷோபனாவுக்கு தேசிய விருது வாங்கித் தந்த படம். அதில் வரும் நாகவல்லி யார் தெரியுமா? தஞ்சாவூர்க்காரி. நம் ஜில்லாப் பேய்! மலையாளத்தில் தஞ்சாவூர்க்காரியாக இருந்தவள் தமிழுக்கு வந்ததும் ஆந்திராக்காரி ஆகிவிட்டாள். அவரவர் ஊருக்குப் பேய் பக்கத்து ஊரிலிருந்துதான் வரவேண்டும் போலிருக்கிறது.

யாவரும் நலம், டிமாண்டி காலனி, தும்பாட் மூன்றையும் வெள்ளிக்கிழமை வைத்துக்கொள். யாவரும் நலம் 2009, மாதவன். தன் வீட்டில் நடப்பதெல்லாம் டிவி சீரியலில் வருகிறதே என்று ஒருத்தன் கண்டுபிடிக்கிறான். அதைப் பகலில் பார். டிமாண்டி காலனி 2015, நாலு பையன்கள் ஒரு ரூமுக்குள் மாட்டிக்கொள்வது. தும்பாட் ஹிந்தி, 2018இல் வந்தது, படம் முழுக்க மழை. ஐப்பசியில் நம் கொல்லை இருக்குமே, அந்த ஈரம் அந்தப் படத்தில் இருக்கிறது. நடுவில் ஏதாவது சாப்பிடு. காஞ்சனா மாதிரிச் சிரிப்புப் பேய் ஒன்றையும் இடையில் சேர்த்துக்கொள், இல்லாவிட்டால் மனசு கனத்துப்போகும். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்.

தனியாகத்தான் பார்க்கவேண்டுமா? யாராவது ஆபீஸ் சிநேகிதியைக் கூப்பிட்டுக்கொள்ளேன். முன்பெல்லாம் ஒரு பெண் பேரைச் சொல்லிக்கொண்டே இருப்பாய், தயிர்சாதம் கொண்டுவருவாளே, அவள். இப்போது அவள் பேச்சே வருவதில்லை.

இங்கே விசேஷம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. நம் மூன்று மாவில் குறுவைக்குக் களை எடுத்தாயிற்று. ஆடிப் பதினெட்டுக்கு நீ வருவாய் என்று அம்மா காப்பரிசியை ஒரு டப்பாவில் எடுத்து வைத்தாள். நீ வரவில்லை. வேலை என்றாய். போன வருஷமும் வேலை. வருஷத்தில் ஒருநாள், பிறந்த வீட்டுக்கு வந்து ஆற்றங்கரையில் கயிறு மாற்றிக்கொள்ள ஒரு பெண்ணுக்கு நேரம் இல்லையென்றால் அது என்ன வேலை? டப்பாவை நேற்றுத் திறந்தால் எறும்பு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கோழிக்குக் கொட்டிவிட்டாள்.

திட்டுவதற்காக எழுதவில்லை. படத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமைக்கு பூதகாலம், பிசாசு. பூதகாலம் 2022, மலையாளம். ரேவதியும் ஷேன் நிகமும் அம்மாவும் பிள்ளையுமாக. பாட்டி செத்த வீட்டில் இரண்டு பேர், ஒருவர் சொல்வதை மற்றவர் நம்பமாட்டார். பேய் அப்புறம்தான் வரும், அதற்கு முன்னாலேயே வயிறு கலங்கிவிடும். பிசாசு 2014, மிஷ்கின். ராதாரவி அதில் தகப்பன், பேயாக இருப்பது அவருடைய மகள். அவர் மகளைக் கூப்பிடுகிற இடம் ஒன்று வரும். நான் அந்த இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். நீ பார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசியாக எ கொயட் பிளேஸ் என்று ஒரு ஆங்கிலப் படம், 2018. சின்னச் சத்தம் கேட்டாலும் பாய்ந்து வந்து கொல்லும் ஜந்துக்கள். ஒரு குடும்பம் வாயைத் திறக்காமல் வாழ்கிறது. பாதையில் மணல் கொட்டி வெறுங்காலில் நடக்கிறார்கள். தட்டு வைத்தால் சத்தம் வரும் என்று இலையில் சாப்பிடுகிறார்கள். பெண்ணுக்குக் காது கேட்காது, அவளுக்காக ராத்திரி ராத்திரி உட்கார்ந்து ஒரு மிஷினைச் செய்துகொண்டே இருக்கிறான் அப்பன். கடைசியில் அவன் என்ன செய்கிறான் என்று சொல்ல மாட்டேன். சொந்த வீட்டுக்குள் அடி எடுத்து வைக்கவும் யோசித்து யோசித்து வாழ்வது எப்படி இருக்கும் என்று அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நீ போன் பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறாய். ஆறேழு மாதமாக. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது குரல். உன் பக்கத்தில் இன்னொரு மூச்சு கேட்கிறது. அம்மாவுக்குப் புரியாது, நான் ஸ்பீக்கரோடு வாழ்ந்தவன். நான் எதைக் கேட்டாலும் கொஞ்சம் நிறுத்தித்தான் "நல்லா இருக்கேன்ப்பா" என்கிறாய்.

லிஸ்டில் ஈரம் படம் இல்லையே என்று கவனித்திருப்பாய். வேண்டுமென்றேதான் விட்டேன்.

தைப் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது கூடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தோமே. அம்மா தூங்கிவிட்டாள். அந்தப் பெண்ணின் புருஷன் அவளைச் சந்தேகப்பட ஆரம்பிக்கிற இடம். நீ திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாய், "அப்பா, தினமும் ஒருத்தர் நம்ம போனை வாங்கிப் பார்த்தா அதுக்கு என்ன அர்த்தம்?" நான், "பாசம்னு அர்த்தம், படத்தைப் பாரு" என்றேன். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். திரையின் கீழே பதினாலு என்று இருந்த எண் இருபத்திரண்டு வரை போனது. ரப்பர் தேய்ந்த அந்தப் பொத்தானை நான் எட்டு தடவை அழுத்தினேன், பாப்பா. நீ இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு, தூக்கம் வருகிறது என்று எழுந்து போனாய். நான் மட்டும் கடைசிவரை பார்த்தேன். அந்தப் பெண்ணை யார் கொன்றது என்றும் பார்த்தேன்.

சின்ன வயதில் உனக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து மறையும். அதைப் பார்த்ததும் அடுத்த மிஷினை ஓட்டவேண்டும். ஏழெட்டு விநாடியில் இன்னொரு புள்ளி வரும். அப்போது மாற்றிவிட வேண்டும். தவறவிட்டால் திரை வெள்ளையாகிவிடும், ஜனங்கள் விசில் அடிப்பார்கள். எத்தனை வருஷத்தில் நான் எத்தனை தடவை தவறவிட்டேன் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். மேனேஜரே சொல்வார். அன்றைக்கு நீ காட்டினாய், நான் பார்த்தேன். தெரியாமல் போகவில்லை. பார்த்துவிட்டுத்தான் சும்மா இருந்தேன்.

ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? நான் படம் ஓட்டிய அதே தியேட்டர் கல்யாண மண்டபமான பிறகு அதில்தான் உன் கல்யாணம். கேபின் இருந்த இடத்துக்குக் கீழேதான் நின்று எல்லோரையும் வரவேற்றேன். ஊரே வந்தது. கடன் போன மாசிதான் அடைந்தது. இதெல்லாம் ஒரு காரணமா? இல்லைதான். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து என்னையே பார்த்தாய். நான் கண்டக்டரிடம் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போதும் பார், நாலு பக்கம் பேய்ப்படம் எழுதிய பிறகுதான் இதை எழுத வந்திருக்கிறேன்.

நீ பதில் எழுத வேண்டாம். போனிலும் இதைப் பற்றிப் பேசாதே. தம்பிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை, ஆனால் நேற்று அவள் மாடி ரூமை ஒட்டடை அடித்து, உன் கட்டிலில் புதுப் போர்வை போட்டிருக்கிறாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

லீவு என்பதால் அங்கிருந்து இங்கே வர டிக்கெட் இல்லை. இங்கிருந்து அங்கே வர இருக்கிறது. வியாழக்கிழமை ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன், வெள்ளிக்கிழமை காலை வந்துவிடுவேன். மாப்பிள்ளை மூணாறு கிளம்பவில்லையென்றாலும் வருவேன். மகளைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன், அது பொய்யும் இல்லை. ஜெகன்மோகினியையும் யார் நீயையும் மட்டும் பார்த்து வை, மற்றதைச் சேர்ந்து பார்க்கலாம். ஈரத்தையும் பார்க்கலாம். ரிமோட் உன்னிடமே இருக்கட்டும்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படு.

அன்புடன்,
அப்பா

பி.கு. ஞாயிறு ராத்திரி திரும்பி வர இரண்டு டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், இரண்டும் கீழ் பெர்த் கேட்டிருக்கிறது. ஒன்று வேண்டாமென்றால் அதை மட்டும் கேன்சல் செய்துகொள்ளலாம், பிடித்தம் கொஞ்சம்தான்.