இம்மாத வாசிப்பு: வசீலி கிராஸ்மனின் ‘வாழ்வும் விதியும்’

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சோவியத் காலப் புனைவு வரிசையில் இம்மாதம் நாம் வாசிக்கவிருப்பது, ஸ்டாலின்கிராட் போரைக் களமாகக் கொண்ட இந்தப் பெருநாவல். செம்படையின் நாளிதழுக்குப் போர்முனைச் செய்தியாளராக அந்த நகரிலேயே இருந்தவர் கிராஸ்மன். 1961 பிப்ரவரியில் சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் அதிகாரிகள் வீடு தேடி வந்தபோது அவரை விட்டுவிட்டு நாவலைத்தான் கைப்பற்றினார்கள். தட்டச்சுப் படிகளோடு கார்பன் தாள்களையும், தட்டச்சுப் பொறியில் இருந்த நாடாவையும்கூட எடுத்துச் சென்றார்கள். நூலை விடுவிக்கக் கோரி அவர் அன்றைய சோவியத் தலைவர் குருஷேவுக்கு எழுதிய கடிதம் பலன் தரவில்லை. 1964இல் அவர் இறந்தபோது நாவல் அச்சேறியிருக்கவில்லை. நண்பர்கள் ஒளித்துவைத்திருந்த படி நுண்படமாக (மைக்ரோஃபிலிம்) எல்லை கடந்து 1980இல் சுவிட்சர்லாந்தில் நூலானது. சோவியத் வாசகர்களுக்கு அது 1988இல்தான், ஓர் இலக்கிய இதழ் வழியாகக் கிடைத்தது.

முழுவதையும் முடிக்க இயலாதவர்கள் முதல் பாகத்தின் 18ஆம் அத்தியாயத்தையாவது படித்து வாருங்கள். யூதக் குடியிருப்பில் அடைக்கப்பட்ட தாய், தன் மகன் விக்டருக்கு எழுதும் கடைசிக் கடிதம் மட்டுமே அந்த அத்தியாயம். கிராஸ்மனின் தாய் 1941இல் பெர்திச்சிவ் நகரில் நாஜிகளால் கொல்லப்பட்டவர் என்பதை அறிந்து படித்தால், அந்தக் கடிதத்தை யார் யாருக்கு எழுதியது என்ற கேள்வி நம்மை விடாது. என்னளவில் போர்க்களக் காட்சிகளைவிட இதுவே நாவலின் உச்சம். மறுப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை உரையாடலில் தாராளமாக மறுக்கலாம்.

பாத்திரங்கள் ஏராளம். பெயர்ப்பட்டியல் ஒன்றைக் கையோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.