சிவப்போட சேர்ந்து மஞ்சளும் எரியுதா? உங்க ஐசி நல்லாத்தான் இருக்கு

அன்பான வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்,

ஸ்கூல் எக்ஸிபிஷன் சீசன் வந்தாலே சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல நம்ம எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு டிராஃபிக் லைட் மாடல் பார்ட்ஸ் கேட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி. ஒரு 555 (விட்டு விட்டு பல்ஸ் குடுக்கிற டைமர் ஐசி), ஒரு 4017 (அந்த பல்ஸை எண்ணுற ஐசி), கொஞ்சம் 4148 டயோடு (கரன்டை ஒரு பக்கம் மட்டும் விடுற பார்ட்), மூணு கலர் எல்இடி, சால்டர் பண்ணாம சொருகுற பிரெட்போர்டு, இவ்ளோதான் லிஸ்ட். வாங்கிட்டுப் போறவங்கள்ல நிறைய பேர் திரும்ப வந்து சொல்றது ஒரே விஷயம்தான்: "அண்ணா, பச்சை வர்றதுக்கு முன்னாடி சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரியுது, 4017 டூப்ளிகேட்டுன்னு நினைக்கிறேன், மாத்திக் குடுங்க." அதுக்காகத்தான் இந்த மடல்.

ஐசி கெட்டுப்போகல, நீங்க கனெக்‌ஷனும் தப்பா குடுக்கல. நெட்ல கிடைக்கிற சர்க்யூட் படம் பலதும் இங்கிலாந்து ரோட்டுக்குப் போட்டது, அங்க சிவப்புக்கு அப்புறம் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரியும், "பச்சை வரப்போகுது, ரெடியா இருங்க, ஆனா கிளம்பாதீங்க"ன்னு அர்த்தம், அப்புறம்தான் பச்சை, அதுக்கப்புறம் தனி மஞ்சள். நம்ம ஊர்ல சிவப்பு, பச்சை, மஞ்சள், மறுபடி சிவப்பு. படத்தைப் பார்த்து அப்படியே போட்டா லண்டன் சிக்னல்தான் வரும். ஒரே ஒரு டயோடை எடுத்துட்டா நம்ம சிக்னல் ஆயிடும், எதை எடுக்கணும்னு தெரியணும்னா உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பார்க்கணும்.

555 தான் தாளம் போடுற ஆள். 1972ல மார்க்கெட்டுக்கு வந்த ஐசி, ஹான்ஸ் காமன்சிண்ட்னு ஒருத்தர் டிசைன் பண்ணது, இன்னிக்கும் டெய்லி விக்குது. கெப்பாசிட்டர் சப்ளையில மூணுல ரெண்டு பங்கு வோல்ட் வரைக்கும் ஏறும், மூணுல ஒரு பங்குக்கு இறங்கும், திரும்ப ஏறும், அதுக்கு ஏத்த மாதிரி 3வது பின்ல (பின்னுன்னா ஐசியோட கால்) அவுட்புட் மேல கீழ போகும். 7வது பின்னுக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவுல 10கே (10 கிலோ ஓம்ஸ் ரெசிஸ்டர்), 7க்கும் 6க்கும் நடுவுல 100கே, 6லேருந்து கிரவுண்டுக்கு (மைனஸுக்கு) 22 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டு, 2வது பின்னையும் 6வது பின்னையும் ஜாயின் பண்ணிடுங்க, கிட்டத்தட்ட 3.2 செகண்டுக்கு ஒரு பல்ஸ் வரும். ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பார்த்து "கணக்குல வர்றது வரலையே"ன்னு கேக்குறாங்க, எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்ல 20 சதவீதம் கூடக்குறைய இருக்கிறது சகஜம், அதனால வராது. சுவிட்ச் போட்ட உடனே வர்ற முதல் பல்ஸ் கொஞ்சம் நீளமா இருக்கும், ஏன்னா கெப்பாசிட்டர் அப்ப சுத்தமா ஜீரோலேருந்து ஏறுது.

அந்த பல்ஸ் 4017க்கு 14வது பின்ல போகும். ஒவ்வொரு பல்ஸுக்கும் பத்து அவுட்புட்ல (ஜீரோலேருந்து ஒன்பது வரைக்கும் எண்ணணும்) ஒண்ணு மட்டும் ஆன் ஆகும், முன்னாடி இருந்தது ஆஃப் ஆகும். இதைத் தவிர 12வது பின்னுன்னு ஒண்ணு இருக்கு, அது ஜீரோலேருந்து நாலு வரைக்கும் ஆன்லயே இருந்துட்டு அஞ்சுலேருந்து ஒன்பது வரைக்கும் ஆஃப்ல இருக்கும், சிவப்பு எல்இடி நேரா அதுலதான் மாட்டியிருக்கும். அஞ்சு, ஆறு, ஏழு, எட்டுக்கு உண்டான 1, 5, 6, 9 பின்லேருந்து நாலு டயோடு பச்சைக்கு. மஞ்சளுக்கு ரெண்டு டயோடு, 10வது பின்லேருந்து ஒண்ணு, 11வது பின்லேருந்து ஒண்ணு. இப்ப புரிஞ்சிருக்கும், 10வது பின்னுங்கிறது ஜீரோலேருந்து எண்ணும்போது வர்ற நாலு, அப்ப சிவப்பும் இன்னும் எரிஞ்சிட்டிருக்கு, அதான் ரெண்டும் சேர்ந்து வருது. 10வது பின்ல இருக்கிற அந்த டயோடை மட்டும் கழட்டிடுங்க. சிவப்பு 16 செகண்ட், பச்சை 13 செகண்ட், மஞ்சள் 3 செகண்ட், பார்க்க நிஜ சிக்னல் மாதிரியே இருக்கும்.

"டயோடு எதுக்கு, வயர் போட்டா போதாதா"ன்னு சில பேர் கேக்குறாங்க, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. பச்சைக்கான நாலு பின்னையும் வயராலயே சேர்த்தா ஆன்ல இருக்கிற ஒரு பின்னு ஆஃப்ல இருக்கிற மூணு பின்னு வழியா ஷார்ட் ஆகுற மாதிரி ஆயிடும், ஐசி சூடாகும், பச்சையும் ஒழுங்கா எரியாது. டயோடு இருந்தா கரன்ட் ஒரு பக்கம்தான் போகும்.

இன்னொரு கம்ப்ளைன்ட்டும் அடிக்கடி வரும், கையை கிட்ட கொண்டு போனாலே லைட் தாறுமாறா மாறுதுன்னு. அதுக்குக் காரணம் 4017ல 13வது பின்னும் 15வது பின்னும் எங்கயும் கனெக்ட் ஆகாம அந்தரத்துல தொங்குறதுதான், 4017 மாதிரி சிமாஸ் (CMOS) வகை ஐசில இன்புட்டை சும்மா விட்டா கையில இருக்கிற மின்சார இரைச்சலையே சிக்னல்னு எடுத்துக்கும். ரெண்டையும் கிரவுண்டுல போடுங்க. அப்பவும் இடையில ஒரு கவுன்ட் தாண்டித் தாண்டிப் போனா 4017 பக்கத்துலயே பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவுல 0.1 மைக்ரோ கெப்பாசிட்டர் ஒண்ணு சொருகுங்க, 555 ஆன் ஆஃப் ஆகும்போது சப்ளையை உலுக்குற பழக்கம் அதுக்கு உண்டு.

வெளிச்சம் பத்தலைன்னு எல்இடியோட இருக்கிற 470 ஓம்ஸ் ரெசிஸ்டரை எடுத்துட்டு இன்னும் கம்மியா போடாதீங்க. 4017ஓட அவுட்புட்டுக்கு சில மில்லி ஆம்பியர் குடுக்கத்தான் தெம்பு இருக்கு, அதுக்கு மேல இழுத்தா வோல்டேஜ்தான் இறங்கும். சின்ன மாடலுக்கு எல்இடியோட 1கே போதும். பெரிய தெர்மாகோல் மாடல், தூரத்துலேருந்து தெரியணும்னா கலருக்கு ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர் வாங்கிக்கோங்க, பேஸ்ல 10கே, கலெக்டர் பக்கம் எல்இடியும் 470ம். தட்டையான பக்கம் உங்களைப் பார்த்து, கால் கீழ இருக்கிற மாதிரி பிடிச்சா இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். எக்ஸிபிஷன் நாள் முழுக்க ஓடணும்னா சின்ன 9 வோல்ட் பேட்டரியை நம்பாதீங்க, மத்தியானத்துக்குள்ள மங்கிடும், 9 வோல்ட் அடாப்டர்ல ஓட்டுங்க.

டீச்சர் "மஞ்சள் எப்ப வந்துச்சு"ன்னு கேட்டா பசங்க சொல்றதுக்கு: 1914ல அமெரிக்கால கிளீவ்லேண்ட்ல வெச்ச எலக்ட்ரிக் சிக்னல்ல சிவப்பும் பச்சையும்தான் இருந்துச்சு, 1920ல டெட்ராய்ட்ல வில்லியம் பாட்ஸ்ங்கிற போலீஸ்காரர் போட்ட சிக்னல்ல மூணு கலரும் வந்துச்சு.

கழட்டின டயோடைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ரெண்டாவது ரோட்டுக்கும் சிக்னல் வைக்கணும்னா இன்னொரு ஐசி வேண்டாம், இதே 4017ல 3, 2, 4, 7 பின்லேருந்து நாலு டயோடு அந்த ரோட்டுப் பச்சைக்கு, 10வது பின்லேருந்து இந்த டயோடு அந்த ரோட்டு மஞ்சளுக்கு. அந்த ரோட்டு சிவப்பு எல்இடியை மட்டும் பிளஸ்லேருந்து 1கே வழியா 12வது பின்னுக்குத் திருப்பி மாட்டணும், அந்தப் பின்னு ஆஃப் ஆகும்போது அது எரியும். ஒரு ரோடு நின்னா இன்னொண்ணு போகும்.

இதெல்லாம் பார்த்தும் ஓடலைன்னா போர்டை அப்படியே, வயரைக் கழட்டாம கடைக்கு எடுத்துட்டு வாங்க, ஐசியை மட்டும் உருவிட்டு வந்தா எங்க தப்புன்னு கண்டுபிடிக்க முடியாது. மல்டிமீட்டர் வெச்சு பசங்க முன்னாடியே பார்த்துச் சொல்றோம், அதுக்குக் காசு கிடையாது. ஐசி நிஜமாவே போயிருந்தா மாத்தித் தர்றோம். சாயங்காலம் கூட்டமா இருக்கும், காலையில வந்தா நிதானமா பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்க கடைக்காரர்